கை உடைஞ்சா கட்டு போதுமா, பிளேட் வைக்கணுமா? முன்கை எலும்பு முறிவில் முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"ஆபரேஷன் எல்லாம் வேணாம்டா. புத்தூர் கட்டு போட்டா சரியாயிடும்."

"டாக்டர் பிளேட் வைக்கணும்னு சொல்றாரும்மா..."

கொரட்டூரில் யார் வீட்டில் கை உடைந்தாலும், எக்ஸ்ரே கவரைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவும் மகனும் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். ஒருவருக்குச் செலவு பயம். இன்னொருவருக்குக் கத்தி பயம். இருவரும் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு: உடைந்தது எந்த எலும்பு, எந்த இடத்தில், எந்த மாதிரி?

கட்டா, ஆபரேஷனா என்பதை முடிவு செய்வது அந்தப் பதில்தான். ஒரே வீட்டில் 8 வயதுப் பேரனுக்குக் கட்டு போதும், 30 வயது அப்பாவுக்கு பிளேட் வேண்டும், 70 வயதுப் பாட்டிக்கு மறுபடியும் கட்டே போதும் என்று டாக்டர் சொல்லலாம். மூன்றுமே சரியாக இருக்கலாம்.

இந்தப் பகுதிக்கு இது தேவையான தகவலும்கூட. ஒரு பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பிரஸ் மெஷின்கள். இன்னொரு பக்கம் பாடி மேம்பாலத்தையும் 200 அடி சாலையையும் தினமும் கடக்கும் டூ வீலர்கள். மழை வந்தால் வழுக்கும் மாடிப்படிகள். எங்கே விழுந்தாலும் முதலில் தரையில் ஊன்றுவது கையைத்தானே!

இரண்டு எலும்பு, ஒரே வேலை

முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்ள பகுதிதான் முன்கை. அதில் இரண்டு எலும்புகள் உண்டு. கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ். சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா.

இப்போதே ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, உள்ளங்கையை மேலே பார்க்க வையுங்கள். அப்படியே கீழே பார்க்கத் திருப்புங்கள். அல்னா ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. ரேடியஸ் அதைச் சுற்றி வந்து குறுக்கே படுக்கிறது. ரேடியஸில் இயல்பாகவே லேசான வில் போன்ற வளைவு இருப்பதால்தான் இப்படிச் சுழல முடிகிறது.

கோயிலில் பிரசாதம் வாங்க உள்ளங்கை மேலே வர வேண்டும். போனில் டைப் செய்ய, பைக்கில் ஆக்சிலரேட்டரைப் பிடிக்க, அது கீழே திரும்ப வேண்டும். தோசையைத் திருப்ப இரண்டுமே வேண்டும். அன்றாட வேலைகளுக்கு இரண்டு பக்கமும் சுமார் 50 டிகிரி வீதம், மொத்தம் 100 டிகிரி திருப்பம் தேவை என்பது எலும்பு மருத்துவர்களின் கணக்கு.

உடைந்த எலும்பு 10 டிகிரி வரை சாய்ந்து சேர்ந்தால் பெரிய இழப்பு இல்லை. 20 டிகிரி சாய்ந்தால் கை திரும்புவது கணிசமாகக் குறையும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. கால் எலும்பு போல 'சேர்ந்தால் சரி' என்று விட முடியாத எலும்புகள் இவை. முன்கை முழுவதையும் ஒரு மூட்டாகவே நினைத்துச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும் அந்தக் குறியீடு

சில டிஸ்சார்ஜ் சம்மரிகளில் '2R2A3' என்று லாட்டரி நம்பர் மாதிரி ஏதோ எழுதியிருக்கும். அது உலகம் முழுக்க எலும்பு மருத்துவர்கள் பயன்படுத்தும் 'ஏஓ' வகைப்பாடு. ஸ்விட்சர்லாந்தில் 1958-ல் 13 அறுவை சிகிச்சை நிபுணர்கள் சேர்ந்து தொடங்கிய குழுதான் ஏஓ. எலும்பை பிளேட், ஸ்க்ரூ வைத்துப் பொருத்தும் முறைக்கு இன்றைய ஒழுங்கைக் கொடுத்தவர்களும் அவர்கள்தான்.

குறியீட்டைப் படிப்பது சுலபம். முதல் 2 என்றால் முன்கை. R என்றால் ரேடியஸ், U என்றால் அல்னா. அடுத்த எண் இடத்தைச் சொல்கிறது: 1 முழங்கைப் பக்கம், 2 நடுத்தண்டு, 3 மணிக்கட்டுப் பக்கம். அடுத்த எழுத்துதான் முக்கியமானது.

* A: எலும்பு இரண்டே துண்டாக, எளிமையாக முறிந்திருக்கிறது.
* B: இரண்டு முனைகளுக்கு நடுவே ஆப்பு மாதிரி ஒரு துண்டு பெயர்ந்திருக்கிறது. ஆனாலும் இரு முனைகளும் ஓரிடத்தில் தொட்டுக்கொள்கின்றன.
* C: பல துண்டுகள். முனைகள் ஒன்றையொன்று தொடவே இல்லை.

இது நடுத்தண்டு முறிவுக்கான கணக்கு. மூட்டுக்குப் பக்கத்தில் உடைந்தால், முறிவு மூட்டுக்குள் போயிருக்கிறதா என்பதை வைத்து இதே எழுத்துகள் வேறு அர்த்தம் தரும்.

எழுத்து மாறினால் ஆபரேஷன் முறையும் மாறும். A வகையில் இரண்டு முனைகளையும் இடைவெளியே இல்லாமல் அழுத்திச் சேர்க்கலாம். C வகையில் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கப் போனால் அவற்றுக்கு வரும் ரத்த ஓட்டம் கெட்டுவிடும். அதனால் நீளமான பிளேட்டைப் பாலம் போல இரு முனைகளிலும் பொருத்தி, நடுப்பகுதியைத் தொந்தரவு செய்யாமல் விடுவார்கள்.

எக்ஸ்ரேயில் தவறிப்போகும் இரண்டு முறிவுகள்

ஒரு எலும்பு மட்டும் உடைந்தால் நிம்மதி என்று நினைக்கிறோம். அங்கேதான் சிக்கலே.

இரண்டு எலும்புகளும் மேலேயும் கீழேயும் கட்டுண்டு ஒரு வளையம் போல இருக்கின்றன. ஒரு பக்கம் உடைந்து குறுகினால், இன்னொரு பக்கம் மூட்டு நழுவ வாய்ப்பு அதிகம். அல்னா உடைந்து, ரேடியஸின் தலை முழங்கையில் நழுவினால் அது 'மான்டேஜியா' முறிவு. இத்தாலியின் மிலன் நகர மருத்துவர் மான்டேஜியா 1814-ல் விவரித்தது. ரேடியஸ் உடைந்து, மணிக்கட்டில் அல்னாவோடு சேரும் மூட்டு விலகினால் அது 'கலியாட்சி' முறிவு. அதே மிலனில் 1934-ல் இதை விரிவாக எழுதியவர் ரிக்கார்டோ கலியாட்சி.

பெரியவர்களுக்கு வரும் கலியாட்சி முறிவுக்கு 'ஆபரேஷன் அவசியமான முறிவு' என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. 1957-ல் அமெரிக்க மருத்துவர் ஹியூஸ்டன், ஆபரேஷன் இல்லாமல் சிகிச்சை பெற்ற 38 பேரைப் பரிசோதித்தார். அவர்களில் 35 பேருக்குத் திருப்தியான பலன் இல்லை.

எனவே முன்கை எக்ஸ்ரே என்றால் முழங்கையும் மணிக்கட்டும் சேர்ந்து தெரிய வேண்டும். அதுவும் இரண்டு கோணங்களில். வலிக்கும் இடத்தை மட்டும் எடுத்த ஒற்றைப் படத்தை நம்பி யாரும் கட்டுப் போடக் கூடாது. குழந்தைகளிடம் மான்டேஜியா முறிவு கண்ணில் படாமல் போய், மாதங்கள் கழித்து 'முழங்கை மடங்கவில்லை' என்று வந்தால் அதைச் சரிசெய்வது மிகவும் கடினம்.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. தலையில் விழ வந்த அடியைக் கையைத் தூக்கித் தடுக்கும்போது அல்னா மட்டும் நடுவில் உடையும். இதற்கு ஆங்கிலத்தில் போலீஸ் லத்தியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பாதிக்கும் குறைவாக நகர்ந்து, 10 டிகிரிக்குள் சாய்ந்திருந்தால் இது பெரும்பாலும் கட்டிலேயே சேரும். ஆனால் 'பாத்ரூமில் விழுந்துட்டேன்' என்று ஒரு பெண் சொல்லும்போது இந்த முறிவைப் பார்த்தால், அனுபவமுள்ள டாக்டர்கள் கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி விசாரிப்பார்கள். பெண்களுக்கான 181 உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

தோல் கிழிந்திருந்தால் நேரம்தான் மருந்து

எலும்பு தோலைக் கிழித்திருந்தால் அது 'திறந்த முறிவு'. இதை அளக்க 1976-ல் அமெரிக்காவில் குஸ்டிலோ, ஆண்டர்சன் என்ற இரு மருத்துவர்கள் தந்த அளவுகோல்தான் இன்றும் பயன்படுகிறது. 1 செ.மீ.க்குக் குறைந்த சுத்தமான காயம் முதல் வகை. அதைவிடப் பெரிய, ஆனால் தசை அதிகம் நசுங்காத காயம் இரண்டாம் வகை. தசை நசுங்கியது, எலும்பை மூடத் தோல் போதாதது, பெரிய ரத்தக்குழாய் அறுந்தது எல்லாம் மூன்றாம் வகை. பிரஸ் மெஷினிலும் கன்வேயரிலும் சிக்கிய கைகள் பெரும்பாலும் இந்த வகையில்தான் வரும்.

கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ்.ராஜசேகரன் குழுவினர், மூன்றாம் வகைக்குள்ளேயே காயத்தின் தீவிரத்தைப் புள்ளிகளாகப் பிரித்து அளக்கும் முறையை உருவாக்கி 2006-ல் வெளியிட்டார்கள். முழங்காலுக்குக் கீழ் உள்ள எலும்புக்காகச் செய்யப்பட்டது அது. உறுப்பைக் காப்பாற்ற முடியுமா என்று முடிவெடுக்க உலக அளவில் பேசப்படும் தமிழ்நாட்டு அளவுகோல். சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையில் கைகளுக்கென்றே தனி ஆராய்ச்சி, மறுவாழ்வு நிறுவனம் இருக்கிறது. அதை வளர்த்தெடுத்தவர் டாக்டர் ஆர்.வெங்கடசாமி.

திறந்த முறிவில் ஆன்டிபயாட்டிக் ஊசி எவ்வளவு சீக்கிரம் போகிறதோ, அவ்வளவுக்கு எலும்பில் சீழ் பிடிக்கும் ஆபத்து குறைகிறது. ஒரு மணி நேரத்துக்குள் என்பதுதான் இலக்கு. டி.டி. ஊசியும் வேண்டும். காயத்தில் மஞ்சள், காபித்தூள் எதையும் வைக்காமல் சுத்தமான துணியால் மூடி, 108-ஐ அழையுங்கள்.

பெரியவர்களுக்கு ஏன் பிளேட்?

1949-ல் நைட், பர்விஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், முன்கையின் இரண்டு எலும்புகளும் உடைந்து மாவுக்கட்டில் சிகிச்சை பெற்ற பெரியவர்களை ஆராய்ந்தார்கள். 71 சதவிகிதம் பேருக்குப் பலன் திருப்தியாக இல்லை. 1975-ல் ஆண்டர்சன் குழுவினர், அழுத்திச் சேர்க்கும் பிளேட் வைத்த 244 பேரின் முடிவுகளை வெளியிட்டார்கள். ரேடியஸ் 97.9 சதவிகிதமும் அல்னா 96.3 சதவிகிதமும் சேர்ந்திருந்தன. பெரியவர்களின் முன்கை நடுத்தண்டு முறிவில் விவாதம் ஏறக்குறைய அங்கேயே முடிந்தது.

ஆந்திராவில் திருப்பதி போகும் வழியில் இருக்கும் புத்தூரின் பெயரில் சென்னைப் புறநகர் முழுக்கக் கட்டு வைத்தியசாலைகள் இருக்கின்றன. மூலிகை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி என்று கட்டும் முறை அது. நகராத முறிவு அசையாமல் இருந்தால் தானாகவே சேரும். அதனால்தான் பலருக்கு அது பலித்திருக்கிறது. ஆனால் தசைகள் இழுத்துத் திருகிய இரண்டு எலும்புகளை மூங்கில் பத்தையாலும் பிடித்து நிறுத்த முடியாது, ஆஸ்பத்திரி மாவுக்கட்டாலும் முடியாது. அந்த 71 சதவிகிதம் மாவுக்கட்டின் கணக்கு என்பதை மறக்க வேண்டாம்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்? முழு மயக்கமோ, கையை மட்டும் மரத்துப்போக வைக்கும் ஊசியோ போடுவார்கள். ரேடியஸுக்கு ஒன்று, அல்னாவுக்கு ஒன்று எனத் தனித்தனியாக இரண்டு இடங்களில் திறப்பார்கள். ஒரே வெட்டில் இரண்டையும் திறந்தால் இரு எலும்புகளும் ஒன்றோடொன்று ஒட்டி வளரும் ஆபத்து உண்டு. அப்படி ஒட்டினால் கை திரும்பவே திரும்பாது. பெரும்பாலும் 3.5 மி.மீ. ஸ்க்ரூக்கள், முறிவின் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது மூன்று. ரேடியஸின் வில் வளைவு திரும்ப வந்ததா என்று பார்த்து, தியேட்டரிலேயே கையைத் திருப்பிச் சோதித்துவிட்டுத்தான் தையல் போடுவார்கள்.

இதிலும் ஆபத்துகள் உண்டு. தொற்று வரலாம், நரம்பு பாதிக்கப்படலாம், எலும்பு சேராமல் போகலாம். சிகரெட் பிடிப்பவர்களுக்கு எலும்பு சேருவது தாமதமாகும். ஸ்க்ரூ உறுதியாகப் பிடித்திருந்தால் சில நாள்களிலேயே விரல், முழங்கை அசைவுகளைத் தொடங்கச் சொல்வார்கள். கனம் தூக்க எலும்பு சேரும்வரை, பெரும்பாலும் 3 முதல் 4 மாதங்கள் பொறுக்க வேண்டும்.

'பிளேட்டை எப்போ எடுக்கணும்?' என்பது எல்லோரும் கேட்பது. தொந்தரவு இல்லையென்றால் பெரியவர்களுக்கு எடுக்க வேண்டியதில்லை. ஒரு வருடத்துக்குள் அவசரப்பட்டு எடுத்தால் ஸ்க்ரூ ஓட்டைகள் வழியாக எலும்பு மறுபடி உடையும் வாய்ப்பு அதிகம்.

பேரனுக்கும் பாட்டிக்கும் வேறு கணக்கு

குழந்தைகளின் எலும்பு பச்சைக் குச்சி மாதிரி. ஒரு பக்கம் மட்டும் பிளந்து, மறுபக்கம் வளைந்து நிற்கும். வளரும்போது சாய்வைத் தானே சரிசெய்துகொள்ளும் திறனும் அதற்கு உண்டு. 10 வயதுக்குக் கீழே ஓரளவு சாய்வை ஏற்றுக்கொண்டு மாவுக்கட்டிலேயே பெரும்பாலும் குணப்படுத்திவிடுவார்கள். ஆனால் திருகிச் சேர்ந்ததை வளர்ச்சி சரிசெய்யாது. கட்டுக்குள் எலும்பு நகரலாம் என்பதால் முதல் 2, 3 வாரங்கள் திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுப்பது வீண் செலவு இல்லை. நிற்காத முறிவுகளுக்கு, சின்னத் துளை வழியாக வளையும் டைட்டானியம் கம்பியை எலும்புக்குள் செலுத்தி, சேர்ந்த பிறகு எடுத்துவிடுகிறார்கள். முறிவு மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், 'வளர்ச்சித் தட்டு அடிபட்டிருக்கிறதா?' என்று கேளுங்கள்.

பாட்டிக்குப் பெரும்பாலும் உடைவது மணிக்கட்டுக்கு மேலே ரேடியஸின் முனை. டப்ளின் மருத்துவர் கோலிஸ் 1814-ல் எழுதியது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் பிளேட் வைத்தவர்களையும் மாவுக்கட்டு போட்டவர்களையும் ஒப்பிட்டு 2011-ல் ஆஸ்திரியாவிலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. எக்ஸ்ரே பிளேட் வைத்தவர்களுக்குத்தான் அழகாக இருந்தது. ஒரு வருடம் கழித்துக் கையின் பயன்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. பிரிட்டனில் 461 பேரிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், இதே முறிவுக்குச் சாதாரணக் கம்பி குத்துவதும் விலை உயர்ந்த பிளேட் வைப்பதும் ஒரு வருட முடிவில் சமமாகவே இருந்தன. முறிவு மூட்டுக்குள் போய்ச் சிதறியிருந்தால் கதை வேறு. மற்றபடி, 'கம்பி போதுமா டாக்டர்?' என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம். நின்ற நிலையில் விழுந்தே உடைந்தது என்றால் எலும்பு அடர்த்திப் பரிசோதனையையும் கேளுங்கள். அடுத்தது இடுப்பு எலும்பாக இருக்கக் கூடாது.

கட்டு இறுகினால் காத்திருக்காதீர்கள்

புத்தூர் கட்டானாலும் மாவுக்கட்டானாலும், உள்ளே வீக்கம் ஏறி இடம் இல்லாமல் போனால் தசைகளுக்கு ரத்தம் போகாது. சில மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கும். விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும் இந்த விளைவை ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மன் 1881-லேயே விவரித்துவிட்டார்.

வலி மாத்திரைக்கும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி, விரலை மெதுவாக நீட்டிவிட்டாலே உயிர்போகும் வேதனை, மரத்துப்போதல், விரல் நீலமாவது அல்லது வெளிறுவது - இவற்றில் ஒன்று இருந்தாலும் நள்ளிரவானாலும் கட்டைப் பிரிக்கச் சொல்ல வேண்டும். 'கட்டு போட்டா வலிக்கத்தான் செய்யும், காலையில பார்க்கலாம்' என்று சொன்ன வீடுகளில்தான் கை பறிபோயிருக்கிறது.

செலவை யார் தருவார்?

* தொழிற்பேட்டையில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி, இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் சிகிச்சை இலவசம். வேலையில் அடிபட்டது என்றால் ஓய்வு நாள்களுக்குச் சம்பளத்தில் 90 சதவிகிதம் கிடைக்கும். சாதாரண நோய் விடுப்பு என்றால் 70 சதவிகிதம்தான். எனவே மெஷினில் பட்ட அடியை, யார் சொன்னாலும் 'வீட்டில் விழுந்தது' என்று பதிவு செய்யவிடாதீர்கள். அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது.
* சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது பொருந்தும்.
* ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கொண்டுபோங்கள்.
* எதுவுமே இல்லையென்றாலும் கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி அரசு மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷன் நடக்கிறது.

விழுந்த உடனே செய்ய வேண்டியவை

* வீங்குவதற்குள் வளையல், மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள்.
* எண்ணெய் தேய்த்து நீவுவது, சுளுக்கு எடுப்பது கூடவே கூடாது.
* அட்டை, ஸ்கேல், மடித்த பத்திரிகை எதுவானாலும் சரி, கையின் அடியில் வைத்து, தளர்வாகத் துணி சுற்றி, துப்பட்டாவால் கழுத்தில் தொங்கவிடுங்கள்.
* ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் டாக்டர் பார்க்கும்வரை காபி, டிபன் வேண்டாம்.

டாக்டரிடம் கேட்க ஐந்து கேள்விகள்

1. எந்த எலும்பு, எந்த இடத்தில், எத்தனை துண்டு?
2. முழங்கை, மணிக்கட்டு மூட்டுகள் இரண்டும் சரியாக இருக்கின்றனவா?
3. கட்டு மட்டும் போட்டால் உள்ளங்கை முழுதாகத் திரும்புமா?
4. கம்பியா, பிளேட்டா? ஏன் அது?
5. அடுத்த எக்ஸ்ரே எப்போது?

இந்த ஐந்துக்கும் பதில் சொல்லாமல் கட்டவோ, கத்தி வைக்கவோ வருபவர் யாராக இருந்தாலும், எக்ஸ்ரே கவரைத் திரும்ப வாங்கிக்கொண்டு இன்னொரு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். தோல் கிழியாமல், விரல்களுக்கு ரத்த ஓட்டம் சரியாக இருக்கும் முறிவில், அட்டை கட்டி இன்னோர் இடத்தில் கருத்துக் கேட்கும் அளவுக்கு நேரம் இருக்கிறது. கோணலாகச் சேர்ந்த எலும்பை மறுபடி உடைத்துச் சேர்க்க ஆகும் வலியும் செலவும் அதைவிடப் பல மடங்கு.